வாசல் விளக்கு

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வாசற்படியின் ஒரு பக்கம் அம்மா ஏற்றிவைத்த அகல்விளக்கு. இன்னொரு பக்கம், என் மகன் கண்ணும் பல்லும் செதுக்கி உள்ளே மெழுகுவத்தி ஏற்றிய பரங்கிக்காய். அந்த அக்டோபர் முழுக்க மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. தெருவெங்கும் மேப்பிள் சருகு காலடியில் நொறுங்கியது.

அம்மா கும்பகோணத்திலிருந்து செப்டம்பரில் வந்திருந்தாள். பரங்கிக்காயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல திருஷ்டிக்குப் பூசணிக்கால மூஞ்சி வரைஞ்சு தொங்கவிடுவோமே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். ஏறக்குறைய அதேதான். அயர்லாந்தில் கெட்ட ஆவி அண்டாமல் இருக்க டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள் இங்கே விளைந்த பெரிய பரங்கிக்காயை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாளே அம்மா மைசூர்பாகு கிளறி, வில்லை போட்டு, டப்பாவில் அடுக்கியிருந்தாள். சாயந்திரம் குழந்தைகள் வருவார்கள் என்று நான் சொல்லியிருந்ததால் இரண்டு பங்காகவே செய்திருக்கிறாள். அதைக் கொடுக்கக் கூடாது, கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

"ஏன், கையால செஞ்சது ஆகாதா?"

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக இந்த நாட்டில் மிட்டாய் வாங்கி வைக்கிறேன். ஏன் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு காலத்தில் கையால் செய்ததைத்தான் கொடுத்தார்கள். பாகில் உருட்டிய சோளப்பொரி உருண்டை, வீட்டில் சுட்ட பிஸ்கட், தோட்டத்து ஆப்பிள். வேஷம் போட்ட பிள்ளைகள் வந்து கதவைத் தட்டி, "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்பார்கள். 'இனிப்பு தருகிறாயா, இல்லை குறும்பு செய்யட்டுமா' என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தபோது இந்தப் பழக்கம் ஓய்ந்திருந்தது. 1947இல் பங்கீடு முடிந்தது. 1950களில் புதிது புதிதாக எழுந்த புறநகர்த் தெருக்களில் அது மறுபடியும் தழைத்தது.

பிறகு பயம் வந்தது. ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாயில் விஷம் என்று பேச்சு பரவியது. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தான். விசாரித்தபோது, விஷம் வைத்தது முகம் தெரியாத எவரும் இல்லை, பெற்ற தகப்பன் என்று தெரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தவனுக்கு 1984இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982 இலையுதிர்காலத்தில் சிகாகோ பகுதியில் வலி மாத்திரைப் புட்டிகளில் யாரோ சயனைடு கலக்க, 7 பேர் இறந்தார்கள். அதற்கும் ஹாலோவீனுக்கும் தொடர்பே கிடையாது. ஆனாலும் அந்த வருடம் பல ஊர்களில் பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை. கொண்டுவந்த மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க மருத்துவமனைகள் முன்வந்த காலம் அது.

டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்தார். வீடு வீடாகப் போய் வாங்கிய மிட்டாயில் முகம் தெரியாதவர் வைத்த விஷத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ, உயிருக்கு ஆபத்தான காயம் பட்டதாகவோ அவருக்கு ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை.

அந்த இரவில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டுகளின் விபத்துக் கணக்கைப் பார்த்த மருத்துவ ஆய்வு ஒன்று, ஹாலோவீன் மாலையில் வண்டி மோதிப் பாதசாரிகள் இறப்பது, ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம் என்று கண்டது. 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் மிகப் பெரிய ஆபத்து. மிட்டாயை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அதே தெருவில் காரை வேகம் குறைக்காமல் ஓட்டுகிறோம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "அப்போ இத்தனை பயமும் அடுத்த வீட்டுக்காரங்க மேலதானா?"

எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். இருட்டு வீட்டைத் தாண்டி அடுத்த வெளிச்சத்துக்கு ஓடும். எங்கள் தெருவில் நாற்பது வீடுகள் இருந்தால் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்.

அணைந்த வீடுகளைப் பற்றி முதலில் நான் தவறாக நினைத்தேன், கஞ்சர்கள் என்று. பழகப் பழகத்தான் ஒவ்வொரு இருட்டுக்கும் ஒரு காரணம் இருப்பது தெரிந்தது. ஒரு குடும்பம் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளது. பேயும் பிசாசும் விளையாட்டில்லை என்று கருதுகிறது. ஒரு வீட்டில் இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் தூங்குகிறார். ஒரு வீட்டில் மூட்டுவலிக்காரர். ஐம்பது முறை எழுந்து உட்கார அவரால் முடியாது. இன்னொரு வீட்டில் போன வருடம் ஒரு குழந்தை தவறிவிட்டது. கொடுக்காமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. விளக்கை அணைப்பது ஒரு நாகரிகமான மறுப்பு. யாரையும் வாசல் வரை வரவழைத்து வெறுங்கையோடு அனுப்பாத மறுப்பு.

எனக்கு நெருடுவது மூன்றாவது வகை. விளக்கு எரியும், ஆள் இருக்க மாட்டார்கள். படியில் ஒரு வாளி மிட்டாய், 'ஒன்று மட்டும் எடுத்துக்கொள்' என்று ஓர் அட்டை. ஏழு மணிக்குள் வாளி காலியாகிவிடும். மறுநாள் அந்த வீட்டுக்காரர் இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்வார்.

1976இல் வெளிவந்த சியாட்டில் ஆய்வு ஒன்றை இங்கே நினைத்துக்கொள்வேன். 27 வீடுகள், ஹாலோவீன் இரவில் வந்த 1,300க்கு மேற்பட்ட பிள்ளைகள். வீட்டுப் பெண்மணி ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். மறைந்திருந்த ஒருவர் கவனிப்பார். பெயர் கேட்கப்படாமல், கூட்டமாக நின்ற பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். தனியாக வந்து, பெயரும் வீடும் கேட்கப்பட்ட பிள்ளைகளில் அப்படி எடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. முகமூடிக்குள் இருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி விசாரிக்க ஒரு மனிதர் எதிரே நின்றால், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. வாளிக்கு அந்தச் சக்தி இல்லை. அந்த இரவில் பிள்ளைக்கு நாம் தருவதில் மிட்டாய் சிறிய பங்குதான். பெரிய பங்கு, கதவைத் திறந்துகொண்டு நிற்கும் நாம்.

இப்படி எழுதும் நானே ஒரு வருடம் வாசலில் நின்று தவறு செய்தேன்.

செப்டம்பர் மாதம் எங்கள் தெருக்காரர்கள் கூடி, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுவோம். ஏழெட்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நாளில் பேச்சு ஹாலோவீனுக்குத் திரும்பியது. "போன தடவை எட்டு மணிக்கே மிட்டாய் தீர்ந்துபோச்சு. வந்ததில் பாதி நம்ம தெருவே இல்லை" என்றார் ஒருவர். நெடுஞ்சாலை ஓரத்து அடுக்ககங்களிலிருந்து வேனில் பிள்ளைகளை ஏற்றிவந்து தெருமுனையில் இறக்கிவிடுகிறார்கள் என்றார் இன்னொருவர். நுழைவாயிலில் ஒருவர் நிற்கலாம், பிள்ளைகளுக்குச் சீட்டுக் கொடுக்கலாம் என்றுகூடச் சிலர் யோசனை சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பனி கொட்டினால் அடுத்தவர் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அக்டோபரில் ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். வேஷம் என்று பெரிதாக இல்லை. அப்பாவின் சட்டை, கறுப்பு மையில் மீசை, கையில் தலையணை உறை. பார்த்ததில்லையே என்று மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே, "நீ எந்தத் தெரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவன் அடுக்ககத்தின் பெயரைச் சொன்னான். சொல்லும்போது குனிந்து தரையைப் பார்த்தான். கொடுத்தேன். நன்றி சொன்னான். அடுத்த வீட்டுக்குப் போகாமல் வேனைப் பார்த்து நடந்தான்.

கதவைச் சாத்தியதும் என் குரல் எனக்கே வேறு யார் குரலோ போலக் கேட்டது. யார் குரல் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பாட்டியின் குரல்.

எனக்கு ஒன்பது வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நவராத்திரி என்றால் சாயந்திரம் பாவாடை கட்டிக்கொண்டு கொலு வைத்த வீடெல்லாம் போவோம். "ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பாடினால் தொன்னையில் சுண்டல் கிடைக்கும். எந்த வீட்டில் கடலை, எந்த வீட்டில் பட்டாணி, எங்கே தேங்காய் தாராளம் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஒரு நாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். எண்ணெய் வைத்து வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள். படியேறப் போனவளைப் பார்த்துப் பாட்டி கேட்டாள்: "நீ எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் அது தெருவைப் பற்றிய கேள்வி இல்லை. யாருக்கும் தெரியும். தோழிக்கும் தெரிந்திருந்தது. தன் தெருவின் பெயரைச் சொல்லிவிட்டு, ஏறிய ஒரு படியிலிருந்து இறங்கிக்கொண்டாள். பாட்டி சுண்டலைக் கொடுக்காமல் இல்லை. நிறையவே கொடுத்தாள், வாசலில் வைத்து. உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை. பாடு என்றும் கேட்கவில்லை. அம்மா நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்குக் குறைந்தது சுண்டல் இல்லை. ஒரு பிள்ளையை 'நீயும் வரலாம்' என்ற கணக்கில் சேர்க்கிறோமா, 'வந்துவிட்டாய், வாங்கிக்கொண்டு போ' என்ற கணக்கில் சேர்க்கிறோமா என்பதில் இருந்தது எல்லாம். நியூ ஜெர்சியின் தெருவும் எங்கள் ஊர்த் தெருவும் ஒன்றல்ல. இங்கே வீட்டு விலை கோடு போடுகிறது, அங்கே சாதி கோடு போட்டது. இரண்டையும் சமமாக வைப்பது என் தோழி பட்டதைச் சிறிதாக்கிவிடும். ஆனால் தரையைப் பார்த்த அந்தப் பையனின் கண்ணும், படியிறங்கிய அவளுடைய காலும் எனக்கு ஒரே கேள்வியின் விடைகளாகத்தான் தெரிந்தன.

அதற்குப் பிறகுதான் இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா. நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். ஹாலோவீன் என்ற சொல்லே அந்தப் பெருவிழாவுக்கு முந்தைய இரவைக் குறிப்பது. இடைக்கால இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகள் வசதியுள்ளவர்களின் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்காரர் சிறிய வட்டமான இனிப்பு ரொட்டி கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் அந்த வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வார். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேஷம் கட்டிப் போய், ஒரு பாட்டோ கவிதையோ சொல்லிக்காட்டித்தான் பண்டம் வாங்க வேண்டும். படித்தபோது கொலுப் பாட்டும் சுண்டலும் நினைவுக்கு வந்தன.

வட அமெரிக்காவில் இது வேறு வழியாக வந்தது. 1920, 30களில் ஹாலோவீன் இரவு என்றால் இளவட்டங்கள் வேலிக் கதவைக் கழற்றி ஒளிப்பதும், ஜன்னலை உடைப்பதும், வண்டியைக் கூரைமேல் ஏற்றுவதுமாக இருந்தது. ஊர்க்காரர்கள் அடிதடியில் இறங்காமல் கதவைத் திறந்து பண்டம் கொடுத்துச் சமாதானம் பண்ணினார்கள். 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற சொல் அச்சில் வந்த பழைய சான்றுகளில் ஒன்று, 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிளாக்கி என்ற சிற்றூரைப் பற்றிய பத்திரிகைச் செய்தி.

ஆக, இந்த வழக்கத்தின் வேரிலேயே இருப்பவர்கள் வெளியாட்கள். கதவுக்கு உள்ளே இருப்பவரிடம் கதவுக்கு வெளியே இருப்பவர் வருவதுதான் இதன் உயிர். நம் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் நம் தெருவார் மிட்டாய் கொடுத்துக்கொள்வதானால், அதற்கு ஒரு இரவும் வேண்டாம், வேஷமும் வேண்டாம்.

செலவு விஷயத்தில் குறை சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருவருக்கு இருநூறு பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்குவது பாரம்தான். அதற்கு வழி பிள்ளைகளை நிறுத்துவதில் இல்லை. பாரத்தைப் பகிர்வதில் இருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் விளக்கு எரிக்க முடியாதவர்களில் சிலர், முதல் நாளே ஒரு பை மிட்டாயை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். விளக்கை அணைக்கும் அந்தக் கிறிஸ்தவக் குடும்பமும் ஒரு வருடம் வைத்தது. எங்களிடம் தீர்ந்துவிட்டால் விளக்கை அணைக்கிறோம். அதுவும் ஒழுங்கான முடிவுதான்.

மீசை முளைத்தவனெல்லாம் வந்து நிற்கிறானே என்பது இன்னொரு குறை. வர்ஜீனியாவின் செசபீக் நகரில் 12 வயதைத் தாண்டியவர் இப்படி வீடு வீடாகப் போனால் சிறையில்கூடப் போடலாம் என்று 1970இல் சட்டமே போட்டிருந்தார்கள். 2019இல்தான் வயதை 14 ஆக்கிச் சிறைத் தண்டனையை நீக்கினார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஒரு இரவு குழந்தையாக இருக்க ஆசைப்பட்டு வாசலில் வந்து நிற்கிறான். வேறெங்கோ போகாமல் நம் வாசலுக்கு வந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கதவருகே நிற்பவரைப் பார்த்துப் பயப்படுவதன் விலை என்ன என்பதற்கு இந்த நாட்டில் ஒரு சாட்சி உண்டு. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது மாணவன் ஹாலோவீன் விருந்து ஒன்றுக்கு வேஷம் போட்டுக்கொண்டு போனான். வீடு மாறி வேறொரு கதவைத் தட்டிவிட்டான். அந்த வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்தார். அசையாதே என்ற ஆங்கிலச் சொல் பையனுக்குப் பிடிபடவில்லை. சிரித்த முகத்தோடு முன்னே வந்தவனைச் சுட்டுவிட்டார். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். மகனைப் பறிகொடுத்த பெற்றோர் வஞ்சம் வைக்காமல், அமெரிக்கத் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டி லட்சக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கி, 1993இல் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். வேஷம் போட்ட இரவில் நம் வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் பார்க்கும்போது, சிரித்துக்கொண்டே முன்னால் நடந்த அவனை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இப்போது வாசலில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "நீ யாராக வந்திருக்கிறாய்?" எந்தப் பிள்ளையும் அதற்குத் தரையைப் பார்த்துப் பதில் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, டைனோசர் என்கிறது, விண்வெளி வீராங்கனை என்கிறது, தீயணைப்பு வண்டி என்கிறது. எங்கிருந்து வந்தாய் என்பது பிள்ளை தேர்ந்தெடுக்காதது. யாராக வந்தாய் என்பது அதுவே தேர்ந்தெடுத்தது.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு இருட்டியது. அம்மாவுக்கு நாற்காலி போட்டு, மடியில் மிட்டாய்த் தட்டைக் கொடுத்தேன். கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தமிழிலேயே, "நீ யாரும்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் பதில் சொன்னார்கள்.

எட்டு மணி சுமாருக்கு ஒரு சின்னப் பெண், வண்ணத்துப்பூச்சி, படியேறி வந்தாள். அவளைக் கூட்டிவந்த பெண் நடைபாதையிலேயே நின்றாள், ஏதோ ஒரு கடையின் சீருடையோடு. வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். அம்மா பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அவளையும் மேல கூப்பிடு."

கூப்பிட்டேன். தயங்கித் தயங்கிப் படியேறினாள். அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து நீட்டினாள். இது இன்று எங்கள் பண்டிகை, அம்மா கையால் செய்தது, உறை கிடையாது, விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் டப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். ஒரு வில்லையை எடுத்து, அகல்விளக்குக்கும் பரங்கிக்காய்க்கும் நடுவில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி மென்று, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு தெருவில் சருகுச் சத்தம் மட்டும் இருந்தது. வாசல் விளக்கை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"அந்தப் பொண்ணு அப்புறம் நம்ம வீட்டுக்கு வரவே இல்லைல்ல?" என்றாள் அம்மா. "கனகாம்பரம் வெச்சுண்டு வந்தாளே."

நாற்பது வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட்டேன்.